உறுதியின் பின்பக்கம்

வணக்கம், நேயர்களே.

போன மாதம் என் அலுவலகத்துக்கு வந்த ஓர் அக்கா, கதிரையில் உட்கார்ந்ததும் கேட்ட கேள்வி இது: "லண்டனில தம்பி வீடு வாங்கேக்க கன்வேயன்சர் எண்டு ஒராள் எல்லாத்தையும் பாத்தவராம். இங்க அப்பிடி ஆக்கள் இல்லையோ சேர்?"

இருக்கிறார்கள், பெயர்தான் வேறு. இங்கே இலங்கையில் அந்த வேலையைச் செய்பவர் நொத்தாரிசு. பெரும்பாலும் அவர் சட்டத்தரணியாகவும் இருப்பார். காணியோ ஃபிளாட்டோ கைமாற வேண்டுமென்றால் அவரும் இரண்டு சாட்சிகளும் ஒன்றாக இருக்க, உறுதியில், அதாவது சொத்தைக் கைமாற்றும் பத்திரத்தில், கையெழுத்து விழ வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் கேட்பது இதைத்தான்.

அக்கா கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு கொப்பித் தாளை எடுத்தார். வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு முற்பணமாகப் பத்து இலட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, முத்திரை ஒட்டி, அதன் மேல் கையெழுத்தும் போட்டிருந்தார் விற்பவர். "முத்திரை ஒட்டியிருக்குத்தானே, செல்லாதா?" என்றார். பணம் கொடுத்ததற்கு அது சாட்சி. விற்பவர் நாளைக்கு மனம் மாறினால் அந்தப் பத்து இலட்சத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம். ஆனால் ஃபிளாட்டை எழுதித் தா என்று அவரைக் கட்டாயப்படுத்த அந்தத் தாளால் முடியாது. விற்பனை உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில்தான் எழுதப்பட வேண்டும். சொந்தக்காரர், ஒரே ஊர், கோயிலில் தினமும் காண்கிற ஆள் என்று சொல்லித்தான் முக்கால்வாசிப் பேர் இந்தத் தாளோடு வருகிறார்கள்.

சரி, நொத்தாரிசைப் பிடித்தாயிற்று. அவர் முதலில் செய்ய வேண்டியது காணிப் பதிவகத்தில் தேடிப் பார்ப்பது. பின்னோக்கி 30 வருடம் பார்ப்பது வழக்கம். வங்கிக்கு ஈடு வைத்து மீட்காமல் இருக்கிறதா, காணியைப் பிரித்துத் தரக் கேட்டுப் பங்கு வழக்கு நடக்கிறதா, அண்ணன் தம்பி நாலு பேருக்குப் பிரிக்காத பங்காக இருக்கும் காணியை ஒருவர் மட்டும் முழுதாக விற்கப் பார்க்கிறாரா என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டுப் பக்கங்களில் தெரியவரும். அதனால்தான், விற்பவர் "என்ர நொத்தாரிசே எல்லாம் செய்வார், வீண் செலவு ஏன்" என்று அன்போடு சொன்னால் சிரித்துவிட்டு உங்கள் ஆளைத் தேடுங்கள். முத்திரை வரியும் நொத்தாரிசு கட்டணமும் வழமையாக வாங்குபவர் தலையில்தான் விழும். காசு உங்களுடையது என்றால் ஆளும் உங்களுடையவராக இருக்கட்டும். முத்திரை வரி, முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மிச்சத்துக்கு நூற்றுக்கு 4. மூன்று கோடி ஃபிளாட் என்றால் 1,199,000 ரூபாய். விலையைப் பேசும்போதே இதையும் ஒதுக்கி வையுங்கள்.

எங்கள் ஆட்களிடம் மட்டும் வரும் ஒரு சிக்கல் உண்டு. விற்பவர், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட, மணமான பெண் என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாட் அவர் பெயரில், அவரே உழைத்து வாங்கியது. ஆனாலும் அதை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம். காணி வெள்ளவத்தையில் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் இல்லையே என்பார்கள். இந்தச் சட்டம் ஆளோடு வருவது. ஆள் கொழும்புக்கு வந்தால் அதுவும் கூடவே வரும். எல்லாத் தமிழருக்கும் இது பொருந்தாது. மட்டக்களப்பாருக்கோ மலையகத்தாருக்கோ இந்தக் கேள்வியே இல்லை. கணவர் வேண்டுமென்றே மறுத்தாலோ, விட்டுப் போயிருந்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். இது நியாயமா என்று என்னைக் கேட்டால், இல்லை என்பேன். ஆனால் அந்தச் சம்மதம் இல்லாமல் முடித்த உறுதி பிறகு யார் கழுத்தில் விழும்? வாங்கியவர் கழுத்தில்.

வெளிநாட்டில் இருப்பவர் அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம், அனுப்பி விற்பதும் இப்போது அதிகம். அதில் இரண்டைப் பாருங்கள்: அது பதிவு செய்யப்பட்டிருக்கிறதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா. கொடுத்தவர் இறந்த நிமிடமே அந்தத் தத்துவமும் முடிந்துவிடும். ஒரு வீடியோ கோல் எடுத்து "மாமா, விக்கிறது உங்களுக்குத் தெரியுந்தானே?" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஃபிளாட் என்றால் கூட்டாதனப் பிளான், அதாவது கட்டடத்தில் எந்தப் பகுதி எந்த வீட்டுக்கு உரியது என்று காட்டும் பிளான், பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். கார் நிறுத்தும் இடம் அந்தப் பிளானில் உங்கள் வீட்டோடு சேர்த்துக் காட்டப்பட்டிருக்க வேண்டும். நிலத்தில் மஞ்சள் பெயின்ட்டால் இலக்கம் எழுதியிருப்பது உரித்து ஆகாது.

உறுதி ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால், விளங்கவில்லை என்று சொல்லுங்கள். தமிழில் சொல்லித் தரும்வரை பேனையைத் தொட வேண்டாம்.

இனி என் வீட்டுக் கதை. அப்பா கல்கிசையில் 8 பேர்ச் காணி வாங்கி, உறுதியை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னை அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். பதினொரு வருடம் கழித்து, நான் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது அதைத் திறந்து பார்த்தேன். முன்பக்கம் எல்லாம் ஒழுங்கு. கையெழுத்து, சாட்சிகள், நில அளவையாளர் பிளானின் இலக்கம், எல்லை நாலும் இருந்தன. திருப்பினால் பின்பக்கம் வெறுமை. பதிவகத்தின் முத்திரையும் இல்லை, பதிவேட்டின் பக்க இலக்கமும் இல்லை.

அப்பா சொன்னார்: "ஒரு பிரதி பதிவகத்துக்கு அனுப்பியாச்சு எண்டவையே." உண்மைதான். நொத்தாரிசு முடித்த உறுதிகளின் இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். அது அங்கே போய்க் கோப்பில் இருக்கும். பதிவு என்பது வேறு. மூல உறுதியைக் கொண்டுபோய்க் கொடுத்துச் செய்வது. அந்தப் பதினொரு வருடத்துக்குள், விற்றவர் அதே காணியை இன்னொருவருக்கு விலைக்கு விற்று, அவர் முந்திப் பதிந்திருந்தால், மோசடியோ கூட்டுச்சதியோ இல்லாதவரை அவர் உறுதிதான் மேலோங்கும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் அப்படி. எங்கள் நல்ல காலம், அவர் விற்கவில்லை. அடுத்த நாளே அப்பாவும் நானும் பதிவகத்தில் வரிசையில் நின்றோம்.

கையெழுத்து வைத்த அன்றே உறுதியைப் பதிவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுத்ததும் பதிவகத்தின் நாட்புத்தகத்தில் ஓர் இலக்கம் விழும். அதை நொத்தாரிசிடம் கேட்டு வாங்கி ஃபோனிலேயே குறித்து வையுங்கள். உறுதி கைக்கு வந்ததும் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகு பிஸ்கட் டின்னில் வைப்பது உங்கள் விருப்பம்.

வணக்கம்.