காத்து கசியுதா, குளிர்ல இறங்குதா? பழைய டூரிங் பைக்குல ஏர் சஸ்பென்ஷன் பார்க்கிற முறை

வணக்கம் மக்களே. வெளியில காத்தும் தூறலும், அதனால கேமராவை கராஜுக்குள்ளயே வச்சுட்டேன். இன்னைக்கு ஏர் சஸ்பென்ஷன், அதாவது முன் போர்க்குக்குள்ளயும் (முன் சில்லைப் பிடிக்கிற ரெண்டு குழாய்) பின் ஷொக்குக்குள்ளயும் (பின்னுக்கு குலுக்கலைத் தாங்குறது) காத்தை அடைச்சு வச்சு பாரம் தாங்குற முறை. காத்தோட அழுத்தத்தை பிஎஸ்ஐ கணக்குல சொல்றேன். பழைய டூரிங் பைக் வச்சிருக்கிற ஆக்கள் அடிக்கடி சொல்ற குறை இது: "பின்னேரம் பின்னுக்கு 40 பிஎஸ்ஐ அடிச்சேன், விடிய பார்த்தா 38. ஷொக் போயிருச்சு."

போகல்ல. நுவரெலியாவுல பின்னேரம் 20 பாகை, விடியக்காலையில 10 பாகைனு வச்சுக்கோங்க. அடைச்சு வச்ச காத்து குளிர்ந்தா அழுத்தம் குறையும். கணக்கு போட்டு பாருங்க, ஒரு துளி கசிவு இல்லாமலே 40 வந்து 38ல நிக்கும். அதனால கசிவு இருக்கானு பார்க்கிறதா இருந்தா இன்னைக்கு பின்னேரம் 5 மணிக்கு அளந்ததை நாளைக்கும் பின்னேரம் 5 மணிக்கே அளங்க. வண்டி ஓடி சூடா இருக்கிற நேரம் அளக்காதீங்க. ரெண்டு தடவையும் சென்டர் ஸ்டாண்ட்லயே நிக்கட்டும்.

இன்னொரு ஏமாத்து, அழுத்தம் அளக்கிற கேஜ். கார் டயருக்குள்ள இருக்கிற காத்தோட பார்த்தா போர்க்குக்குள்ள இருக்கிறது ஒரு கைப்பிடி. கேஜை வச்சு எடுக்கும்போது "புஸ்"னு ஒரு சத்தம் வருதே, அதுலயே 1, 2 பிஎஸ்ஐ போயிரும். மூனு தடவை சரிபார்த்தீங்கன்னா நீங்களே காத்தை இறக்கிட்டு கசிவுன்னு தேடுவீங்க. மவுண்டன் சைக்கிள் ஷொக்குக்கு விக்கிற கைப்பம்ப் வாங்குங்க, கேஜ் அதுலயே இருக்கும். பெற்றோல் செட்ல டயருக்கு அடிக்கிற பைப்பை மட்டும் இதுல வைக்காதீங்க. கண்ணிமைக்கிற நேரத்துல தேவையானதை விட பல மடங்கு ஏத்திரும், காத்தையும் ஒயிலையும் அடைச்சு வைக்கிற ரப்பர் சீல் வெளியில வந்துரும்.

சரி, அடுத்த நாள் அதே நேரம் அளந்தும் 40 வந்து 30 ஆயிருச்சுன்னா கசிவுதான். அப்பவும் ஷொக்கை கழட்டாதீங்க. முதல்ல வால்வ். இங்க கிட்டத்துல காட்டுறேன். பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு கரண்டி, தண்ணி அரைக் கிளாஸ், சின்ன பெயின்ட் பிரஷ். மூடியை கழட்டி வால்வ் வாய் நிறைய தடவியாச்சு. இப்ப அவசரப்படாம ஒரு நிமிஷம் பாருங்க. நடுவுல கடுகு அளவு ஒரு குமிழி எழும்புது... பெருக்குது... உடையுது. திரும்ப அதே இடத்துல இன்னொன்னு. இவ்வளவுதான் குறை. உள்ள இருக்கிறது டயர்ல இருக்கிற அதே வால்வ் கோர், பஞ்சர் ஒட்டுற கடையில சில்லறைக் காசுக்கு கிடைக்கும். மாத்த முதல் காத்தை முழுசா இறக்குங்க. ஊசியை அமத்தும்போது ஒயில் தெறிக்கும், துணியால மூடிக்கிட்டு அமத்துங்க. புதுசை கையால இறுக்கி, அதுக்கு மேல சின்ன ஒரு திருப்பு போதும். உள்ள ரப்பர் இருக்கிற மூடியையே போடுங்க, தூசியும் தண்ணியும் ஊசிக்குள்ள போகாது.

வால்வ் நல்லா இருந்தா அடுத்தது ஹோஸ் பூட்டியிருக்கிற இடங்கள். 1980ல வந்த ஹொண்டா கோல்ட்விங் ஜிஎல் 1100ல முன்னுக்கும் பின்னுக்கும் காத்து இருக்கு. முன் போர்க் ரெண்டையும் ஒரு ஹோஸ் இணைக்குது, அந்த ஹோஸ் முனையில எல்லாம் ஓரிங் (ரப்பர் வளையம்) இருக்கு. நாப்பது வருஷத்து ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி கல்லாகி, வட்டம் தட்டையாயிரும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் நிக்காது, இறுக்க இறுக்க நட்டோட மரைதான் அறும். பழைய ஓரிங்கை கையில எடுத்துக்கிட்டு ஹைட்ரோலிக் ஹோஸ் அடிக்கிற கடைக்கு போங்க, நைட்ரைல் ரப்பர்லயே கேளுங்க. போர்க் ஒயில்ல நனைச்சு போடுங்க, காஞ்ச ஓரிங் திருகும்போது கிழியும்.

நைலோன் ஹோஸ்னா வெடிப்பு அனேகமா நட்டுக்கு கிட்ட, வளையிற இடத்துலதான். அதே ஹோஸ் தேடி அலைய வேண்டியதில்ல. லொறி பார்ட்ஸ் கடையில காத்து பிரேக்குக்கு போடுற நைலோன் பைப்பும் ஜொயின்டும் இருக்கு. வெளி விட்டத்தை வேர்னியரால அளந்துட்டு போங்க, கண் மட்டத்துல வாங்கினா சேராது.

இப்ப முன் போர்க் சீல். மலைநாட்டுல இதைத்தான் கூட பார்க்கலாம். தோட்டத்து ரோட்டு சேறு போர்க் குழாய்ல காஞ்சு, அடுத்த குழியில சீலுக்குள்ள இழுபட்டு போகுது. குழாயை விரலால தடவி பாருங்க. ஒயில் வளையம் ஒன்னு நிக்குதா? உடனே சீல் வாங்காதீங்க. தூசி மறைக்கிற டஸ்ட் சீலை கீழ இறக்கிட்டு, பழைய எக்ஸ்ரே படத்துல ஒரு துண்டு கொக்கி மாதிரி வெட்டி, சீல் உதட்டுக்குள்ள விட்டு சுத்தி இழுத்து எடுங்க. கறுப்பா மண் வந்தா பாதி வேலை முடிஞ்சுது. அதுக்குப் பிறகும் ஒயில் வந்தா நகத்தால குழாயை சுரண்டி பாருங்க. பனியில, மழையில நின்ன வண்டிக்கு சின்னச் சின்ன துருக்குழி இருக்கும். நகம் தட்டுப்பட்டா புது சீல் போட்டாலும் சீக்கிரம் அறுபட்டு திரும்பவும் ஒழுகும். குழாயைத்தான் பார்க்கணும்.

புது சீல் திரும்பத் திரும்ப போகுதா? ஒயிலை அளந்தீங்களா? ஒயில் கூடினா மேல காத்துக்கு இடம் குறையும். குழியில விழும்போது அந்த கொஞ்ச இடத்துல அழுத்தம் எகிறி சீலை தள்ளிரும். பொட்டு காத்துகூட அடிக்காமலே முன்பக்கம் கட்டை மாதிரி இருந்தா இதை சந்தேகப்படுங்க. ரெண்டு போர்க்குக்கும் தனித்தனி வால்வ் இருக்கிற வண்டினா ரெண்டு பக்கமும் காத்து ஒரே அளவு இருக்கணும்.

பின்னுக்கு வருவோம். 1988ல இருந்து வந்த ஜிஎல் 1500ல முன்னுக்கு காத்தே இல்ல. பின்னுக்கும் வலது ஷொக்ல மட்டும்தான் காத்து, இடது பக்கம் வெறும் ஸ்பிரிங். இது தெரியாம இடது பக்கத்துல ஹோஸ் கழண்டு விழுந்துருச்சுன்னு தேடுற மெக்கானிக்மார் இருக்காங்க. எல்லை 0ல இருந்து 57 பிஎஸ்ஐ. இதுல கம்ப்ரசர் (காத்து அடிக்கிற மோட்டர்) வண்டியிலேயே பூட்டியிருந்தா, குறை ஷொக்லயா காத்து வர்ற லைன்லயா என்னு பிரிக்கணும். காத்தை இறக்கிட்டு ஷொக்குக்கு போற ஹோஸை கழட்டி, அந்த வாய்ல டயர் மாதிரி வால்வ் வச்ச ஒரு ஜொயின்ட் பூட்டி, கைப்பம்பால 40 அடிங்க. ஒரு நாள் விடுங்க. நின்னா ஷொக் நல்லது, குறை மேல லைன்லயோ, கரண்ட்ல திறந்து மூடுற சொலினோயிட் வால்வ்லயோ. நிக்காட்டி, தண்டு பக்கம் ஒயில் ஈரமும் இருந்தா, சீல் மாத்தணும் இல்லாட்டி ஷொக்.

கம்ப்ரசர் சத்தமே போடலனா முதல்ல பியூஸ், அடுத்தது ரிலே (கரண்ட்ல வேலை செய்ற சுவிட்ச்). ரிலே "டிக்"னு சொல்லியும் மோட்டர் சுத்தலனா பற்றரியில இருந்து நேரா 12 வோல்ட் குடுத்து பாருங்க. சுத்தினா வயர்லயோ எர்த்லயோதான் குறை. மோட்டர் ஓடும்போது அதோட எர்த் வயருக்கும் பற்றரி மைனஸுக்கும் நடுவுல மல்டிமீட்டர் வைங்க, 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த நட்டை கழட்டி துருவை சுரண்டுங்க. சத்தம் போட்டும் அழுத்தம் ஏறலனா நிப்பாட்டுங்க, தொடர்ந்து ஓடவிட்டா மோட்டர் எரியும்.

இந்தா பாருங்க, இது டிரையர். கம்ப்ரசர் இழுக்கிற காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சுற டப்பா. உள்ள மணி மணியா இருக்கிறது சிலிக்கா ஜெல். நீலமா இருக்க வேண்டியது, இதுல முழுக்க ரோஸ் நிறம். தண்ணி குடிச்சு நிரம்பிருச்சு. நம்ம பனிக்கு இது சீக்கிரமே நடக்கும். பிறகு ஈரம் லைனுக்குள்ள போய் சொலினோயிட் உள்ள துருப்பிடிச்சு மூடாம நிக்கும், காத்து அந்த வழியா போகும். மணிகளை தட்டுல பரப்பி 120 பாகையில ரெண்டு மணித்தியாலம் வச்சா திரும்ப நீலமாகும். சமைக்கிற அவன்ல வேணாம், நீல நிறத்துக்கு கோபால்ட் சேர்க்கிறாங்க, அது நஞ்சு. புதுசா வாங்கினா இன்னும் நல்லது. என்னைக் கேட்டா கம்ப்ரசருக்கு செலவழிக்கிறதை விட ஷொக்குக்கு நேரா வால்வ் பூட்டி கைப்பம்பால அடிக்கிறதே இந்த ஊருக்கு சரி.

எல்லாம் முடிஞ்சா போர்க் குழாய்ல ஒரு கேபிள் டை கட்டி, டஸ்ட் சீல் வரைக்கும் தள்ளிட்டு றம்பொடை வளைவுகள்ல இறங்கிட்டு வாங்க. டை குழாயோட கடைசி வரைக்கும் போயிருந்தா பிரேக் பிடிக்கும்போது போர்க் முழுசா அமுங்கி அடி தட்டுது, முன்னுக்கு 1 பிஎஸ்ஐ கூட்டுங்க. பின்னால ஆள் ஏத்தி வளைவுல ஸ்டாண்ட் உரசினா பின்னுக்கு 5 கூட்டுங்க. வண்டிக்கு சொன்ன எல்லையை மட்டும் தாண்டாதீங்க.

ஒன்னு விட்டுப்போச்சு. இங்க நுவரெலியாவுல 1,868 மீட்டர் உயரத்துல முன்னுக்கு 6 பிஎஸ்ஐ வச்சுட்டு கொழும்புக்கு இறங்கினா அங்க 4 காட்டும். சூடு கொஞ்சம் கூட்டும், ஆனா வெளிக்காத்தோட அழுத்தம் அதை விட கூட ஏறிரும். கசிவு தேடி பைக்கை கழட்டாதீங்க, ரெண்டு பிஎஸ்ஐ அடிச்சுட்டு ஓடுங்க. திரும்ப மலை ஏறி வந்த உடனே அந்த ரெண்டையும் இறக்கிருங்க.