ஸ்குவிட் கேஷ்: பெஞ்ச்மார்க்கில் வரும் பெரிய எண்ணை நம்பாதீர்கள்

வணக்கம் நண்பர்களே, மொரீஷியஸ் ரோஸ் ஹில்லில் இருந்து பேசுகிறேன். எங்கள் கோயில் மண்டபத்து மாடியில் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு நடக்கிறது. எல்லாம் உபுண்டு லினக்ஸ். அப்டேட் வந்தால் ஒரே பேக்கேஜை ஒவ்வொரு கணினியும் தனித்தனியாக இழுக்கும், லைன் திணறிவிடும். அதற்குத்தான் ஒரு பழைய கணினியில் ஸ்குவிட் போட்டிருக்கிறேன். இது நடுவில் நிற்கும் ப்ராக்ஸி: ஒரு கணினி இழுத்ததன் நகலைக் கேஷில் வைத்து, அடுத்தது கேட்டால் அங்கிருந்தே கொடுக்கும்.

நிறுவியதும் 3128 போர்ட்டில் ஓட ஆரம்பித்துவிடும். ஆனால் அமைப்புக் கோப்பில் வட்டுக் கேஷுக்கு இடம் ஒதுக்கும் கேஷ் டிர் வரி கமென்ட்டில் (செயல்படாமல்) இருப்பதால் வட்டில் எதுவும் சேராது. நினைவகத்தில் 256 எம்பி, அவ்வளவுதான். அந்த வரியைத் திறந்தால் மட்டும் போதாது. சேமிக்கும் ஒரு கோப்பின் உச்ச அளவான மேக்ஸிமம் ஆப்ஜெக்ட் சைஸ் தானாக 4 எம்பிதான் இருக்கும். கெர்னல் பேக்கேஜ் அதில் எங்கே அடங்கும்? அதை 1 ஜிபி ஆக்குங்கள், கேஷ் டிர் வரிக்கு மேலே எழுதுங்கள். வட்டை வாரி வழங்கவும் வேண்டாம்: 64 பிட் கணினியில் ஒரு ஜிபி கேஷுக்குச் சுமார் 14 எம்பி ரேம், எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணைக்கே போய்விடும். 50 ஜிபி என்றால் 700 எம்பி!

சரி, பெஞ்ச்மார்க், அதாவது வேகச் சோதனை. அப்பாச்சி பெஞ்ச் என்ற சோதனைக் கருவியை எடுத்து ஒரே சின்னக் கோப்பை ஆயிரம் தடவை கேட்டால் எண் பிரமாதமாக வரும். லாக்கைப் பாருங்கள், வரிசையாக டிசிபி மெம் ஹிட், அதாவது நினைவகத்தில் இருந்தே கொடுத்தது. நீங்கள் அளந்தது ரேமின் வேகம், வட்டைத் தொடவே இல்லை. நான் செய்வது வேறு: யார் எதைக் கேட்டார்கள் என்று ஸ்குவிட் எழுதிவைக்கும் பழைய ஆக்சஸ் லாக்கில் இருந்து முகவரிகளை உருவி, அதே வரிசையில் கர்ல் என்ற பதிவிறக்கக் கட்டளை மூலம் திரும்பக் கேட்கிறேன். ஸ்குவிடை நிறுத்தி, லினக்ஸ் வட்டுக் கோப்புகளை ரேமில் வைக்கும் பேஜ் கேஷையும் காலி செய்து, ஸ்குவிடை மறுபடி ஓடவிட்டு, இரண்டாவது சுற்று. டிசிபி மிஸ் (கேஷில் இல்லை) இருந்த இடத்தில் டிசிபி ஹிட் (கேஷில் இருந்து வந்தது) வருகிறதா? அப்புறம் ஹிட் எண்ணிக்கையைவிட எத்தனை பைட் மிச்சமாயிற்று என்று பாருங்கள். லைனுக்கு உதவுவது அதுதான்.

நகல் எவ்வளவு நாள் செல்லும் என்று சொல்லும் ரிஃப்ரெஷ் பேட்டர்ன் வரியில் டெப் (பேக்கேஜ்) கோப்புகளுக்கு நீண்ட ஆயுள் கொடுக்கலாம். அடிக்கடி மாறும் ரிலீஸ், பேக்கேஜஸ் பட்டியல் கோப்புகளுக்குக் கொடுத்தால், ஹாஷ் (சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை என்று உபுண்டுவின் நிறுவும் கருவியான ஆப்ட் கத்தும்.

யூடியூபும் கேஷ் ஆகுமா என்று கேட்பீர்கள். ஆகாது. யூடியூப் வரும் எச்டிடிபிஎஸ் மறைகுறியாக்கப்பட்டது; லாக்கில் டிசிபி டனல் என்று மூடிய குழாயாகத்தான் போகும். உபுண்டு பேக்கேஜ்கள் இன்னும் மறைக்காத எச்டிடிபியில் வருவதால்தான் இந்த வேலையே பலிக்கிறது. குழாயை உடைத்துப் பார்க்க ஸ்குவிடில் எஸ்எஸ்எல் பம்ப் என்ற வசதி இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் கணினியில் அதை நான் போட மாட்டேன்.