காலில் கட்டுவது ஆசிட் இல்லை

வணக்கம் நேயர்களே.

குறுக்கோட்டப் போட்டி முடிந்த மறுநாள் காலையில் நம் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பள்ளி எதற்காவது போய்ப் பாருங்கள். நேராகப் படியிறங்க முடியாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கும் பிள்ளைகள் நாலு பேராவது கண்ணில் படுவார்கள். என்னடா ஆச்சு என்று கேட்டால், "ஆசிட் கட்டிக்கிச்சு சார்" என்பார்கள். பயிற்சியாளர் அப்படித்தான் சொல்லியிருப்பார், வீட்டில் அப்பாவும் அதையே சொல்லியிருப்பார். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு இந்தப் பேச்சு சட்டென்று பிடிபடும். பால் ஸ்டோரில் தட்டில் ஊற்றிய பாலில் ஃபார்மிக் ஆசிட்டைக் கலந்தால் கொஞ்ச நேரத்தில் உறைந்து கட்டியாகிவிடும். தொடையிலும் அதுபோல ஏதோ உறைந்துகிடக்கிறது என்று நினைப்பது இயல்புதான்.

ஆனால் தசையில் அப்படி எதுவும் நடப்பதில்லை. இந்தத் தவறான எண்ணத்தால் நம் பிள்ளைகளைத் தவறாகப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் வானொலியில் பேச அழைப்பு வந்ததும் இதைப் பற்றியே பேசுவது என்று முடிவு செய்தேன்.

பிள்ளைகள் சொல்லும் அந்த ஆசிட், லாக்டிக் அமிலம். அதை முதலில் கண்டுபிடித்தவர் கார்ல் ஷீல. 1780இல், புளித்த பாலில். பிறகு பெர்சீலியஸ் அதை வேட்டையாடப்பட்ட மானின் தசையில் கண்டார். 1907இல் இங்கிலாந்தில் ஃபிளெச்சர், ஹாப்கின்ஸ் என்ற இருவர் தவளைத் தசையை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஆக்சிஜன் இல்லாமல் தசையை இயக்கினால் லாக்டிக் அமிலம் சேர்ந்தது, தசை களைத்து நின்றது. ஆக்சிஜன் கொடுத்ததும் அமிலம் குறைந்தது. பிறகு ஹில், மேயர்ஹோஃப் இருவருக்கும் தசை பற்றிய ஆய்வுகளுக்காக 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. ஆக்சிஜன் போதவில்லை, அதனால் லாக்டிக் அமிலம் ஊறுகிறது, அதுவே களைப்பு என்ற பாடம் உலகம் முழுக்கப் பரவியது.

அந்தச் சோதனையில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது உடலிலிருந்து வெட்டி எடுத்த தசை. அதற்கு ரத்த ஓட்டம் ஏது? உண்டான பொருள் வெளியே போக வழியே கிடையாது. ஓடுகிற பையனின் தொடை அப்படியா இருக்கிறது? அதற்குள் ரத்தம் பாய்ந்துகொண்டே இருக்கிறது.

தசைக்கு வேண்டிய ஆற்றலை உடனடியாகத் தருவது ஏடிபி என்ற மூலக்கூறு. தசையில் இருக்கும் இருப்பு சில வினாடிகளுக்குத்தான் வரும். ஆகவே உடல் அதை ஓயாமல் தயாரித்தபடி இருக்க வேண்டும். குளுக்கோஸை உடைத்து வேகமாகத் தயாரிக்க ஒரு வழி இருக்கிறது. அந்த வழி தடைபடாமல் ஓட வேண்டுமென்றால் கடைசியில் கிடைக்கும் பைருவேட் என்ற பொருளை லாக்டேட்டாக மாற்ற வேண்டும். லாக்டிக் அமிலம் உடலுக்குள் இருக்கும் வடிவம்தான் லாக்டேட். வேகம் கூடக் கூட இந்த மாற்றமும் கூடும். ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. நீங்கள் இப்போது நாற்காலியில் சாய்ந்து வானொலி கேட்கிறீர்களே, இந்த நேரத்தில்கூட உங்கள் ரத்தத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிமோல் லாக்டேட் இருக்கும். சிவப்பணுக்களுக்கு வேறு வழியே தெரியாது, அவை எப்போதும் லாக்டேட்டைத்தான் உண்டாக்குகின்றன.

உண்டான லாக்டேட் எங்கே போகிறது? இதயம் அதை எடுத்து எரிக்கிறது. பக்கத்துத் தசைநார்கள் எரிக்கின்றன. மூளையும் பயன்படுத்துகிறது. மிச்சத்தில் ஒரு பங்கைக் கல்லீரல் மீண்டும் குளுக்கோஸாக மாற்றி ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. கல்லீரலின் இந்த வேலையைக் கண்டறிந்தவர்கள் கார்ல் கோரி, கெர்டி கோரி தம்பதியர். இருவரும் 1947இல் நோபல் பரிசு பெற்றார்கள். 1980களில் கலிஃபோர்னியாவின் ஆய்வாளர் ஜார்ஜ் புரூக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். லாக்டேட் ஒரு தசையிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிக்கொண்டே இருக்கும் எரிபொருள் என்று காட்டினார். முதலில் பலர் ஏற்கவில்லை. இன்று பாடநூல்களிலேயே இருக்கிறது.

இதைவிட அழுத்தமான சான்று ஒரு நோயிலிருந்து கிடைக்கிறது. மெக்கார்டில் நோய் என்று ஒன்று உண்டு, 1951இல் விவரிக்கப்பட்டது. அந்த நோயாளிகளின் தசை தன்னிடம் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரை இருப்பை உடைக்க முடியாது. உடற்பயிற்சி செய்தாலும் ரத்தத்தில் லாக்டேட் ஏறாது. லாக்டேட்தான் களைப்புக்குக் காரணம் என்றால் அவர்கள் களைக்காமல் ஓட வேண்டும் அல்லவா? நடப்பது நேர்மாறு. கொஞ்ச தூரத்திலேயே தசை இழுத்துப் பிடித்து, வலி தாங்காமல் நின்றுவிடுகிறார்கள்.

அப்படியானால் 400 மீட்டரின் கடைசி வளைவில் கால் எரிகிறதே, அது என்ன? அந்த எரிச்சல் உண்மை. அந்த வேகத்தில் தசையின் அமிலத்தன்மை கூடுகிறது, பாஸ்பேட் சேர்கிறது, பொட்டாசியம் தசையை விட்டு வெளியேறுகிறது, உடல் சூடேறுகிறது. இவையெல்லாம் சேர்ந்து காலைக் கனக்க வைக்கின்றன. லாக்டேட்டும் அதே நேரத்தில் ஏறுவதால் பழி முழுக்க அதன் தலையில் விழுந்துவிட்டது.

சரி, மறுநாள் வலி? முழு மூச்சாக ஓடி முடித்தாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ரத்த லாக்டேட் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மறுநாள் காலை படியில் இறங்கும்போது அது அங்கே இல்லவே இல்லை. அந்த வலி, தசைநார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவாலும் அதைத் தொடர்ந்து வரும் வீக்கத்தாலும் வருவது. ஓடிய மறுநாளோ அதற்கு மறுநாளோதான் உச்சத்துக்குப் போகும். தசை நீண்டபடியே எடையைத் தாங்கும்போது இந்தச் சிதைவு அதிகம். தோட்டத்து மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் மறுநாள் தொடை வலிப்பது பெரும்பாலும் அந்த மேட்டிலிருந்து இறங்கி ஓடியதால்தான். எண்ணெய் தேய்த்து நீவிவிடும் பாட்டிமார்களை நான் நிறுத்தச் சொல்லவில்லை. அது இதமாக இருக்கும், பிள்ளைக்குத் தெம்பும் தரும். லாக்டேட்டை வெளியேற்ற மட்டும் அது தேவைப்படாது. ஓட்டம் முடிந்ததும் தொப்பென்று உட்காராமல் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடினாலோ நடந்தாலோ அது இன்னும் சீக்கிரம் இறங்கும்.

லாக்டேட்டை அளப்பது சுலபம். காது மடலிலோ விரல் நுனியிலோ ஊசியால் லேசாகக் குத்தினால் போதும், சர்க்கரை பார்ப்பது போலத்தான். ஆனால் நம் ஊர் வெயிலில் ஒரு சிக்கல் இருக்கிறது. வியர்வையில் லாக்டேட் நிறைய உண்டு. காதோரம் வழியும் வியர்வையில் ஒரு துளி ரத்தத்தோடு கலந்தாலும் கருவி தாறுமாறாக ஏற்றிக் காட்டும். அதனால் முதலில் சுத்தமாகத் துடைக்க வேண்டும், குத்தியதும் வரும் முதல் துளியையும் துடைத்துவிட வேண்டும், இரண்டாவது துளியைத்தான் கருவியின் சோதனைப் பட்டையில் தொட வேண்டும். அதற்குள் அடுத்த துளி வியர்வை நெற்றியிலிருந்து இறங்கிவிடும். ஒருவர் துண்டோடு பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஒருமுறை திடலோரம் நின்ற பாட்டி ஒருவர், "ஏன்யா, ஓடுற பிள்ளையோட ரத்தத்தை எடுத்தா அது எப்படி ஓடும்?" என்று கோபித்துக்கொண்டார். "ஒரு துளிதான் பாட்டி" என்று பட்டையைக் காட்டியதும்தான் சமாதானமானார்.

சில நிமிடங்களுக்கு ஒருமுறை வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு வேகத்திலும் அளப்போம். ஆரம்பத்தில் எண் பெரிதாக மாறாது. ஒரு வேகத்தைத் தாண்டியதும் சடசடவென்று ஏறும். உண்டாகும் லாக்டேட்டை உடல் எரித்துச் சமாளிக்க முடியாமல் போகும் இடம் அது. பெரியவர்களுக்கு அதை 4 மில்லிமோல் பக்கத்தில் வைத்துப் பேசுவது வழக்கம், ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். 400 மீட்டரை முழு வேகத்தில் ஓடிய நல்ல வீரருக்கு 20ஐயும் தொடலாம்.

நம் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் ஓட்ட வீரர் டாக்டர் மணி ஜெகதீசன். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார், அந்த மலேசியத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது. அவருடைய ஓட்டத்துக்கு லாக்டேட் வெள்ளமாகப் பெருக வேண்டும், பெருகாவிட்டால் அந்த வேகமே கிடையாது. இன்னொரு பக்கம் ஜி. சரவணன். 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றார். நாலு மணி நேரத்துக்கும் மேலான நடை அது. அங்கே லாக்டேட் சடசடவென்று ஏறும் வேகத்துக்குப் போனால் பாதி வழியில் கதை முடிந்துவிடும். அந்த எல்லைக்குக் கீழேயே வேகமாகப் போகத் தெரிய வேண்டும். அந்த எல்லையைப் பயிற்சியால் உயர்த்தலாம் என்பதுதான் நமக்கு முக்கியம்.

எப்படி உயர்த்துவது? பெரும்பாலும் மெதுவாக ஓடித்தான். கேட்பதற்கு வியப்பாக இருக்கலாம். நிதானமாக நீண்ட நேரம் ஓடும்போது தசையில் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது, நுண்ணிய ரத்தக் குழாய்கள் கூடுகின்றன, லாக்டேட்டை எரிக்கும் திறன் வளர்கிறது. உலகத் தரத்து நெடுந்தூர வீரர்களின் பயிற்சியைக் கணக்கெடுத்தால் ஏறக்குறைய 80 விழுக்காடு இப்படி எளிதான வேகத்தில்தான் இருக்கிறது. நாமோ மாவட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பிள்ளைகளைத் திடலுக்கு இழுத்து வந்து, தினமும் வாந்தி வரும்வரை ஓட வைத்து, அதை உழைப்பு என்கிறோம். எனக்கு இதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை. இப்படிக் களைத்துப்போய் ஓட்டத்தையே விட்டுவிட்ட திறமையான பிள்ளைகள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்!

அதிலும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் உடல் வேறு மாதிரி. பருவமடையாத பிள்ளைகள் முழு வேகத்தில் ஓடினாலும் பெரியவர்கள் அளவுக்கு லாக்டேட் உண்டாக்குவதில்லை, சீக்கிரம் களைப்பாறியும் விடுவார்கள். பெரியவர்களின் 4 மில்லிமோல் கணக்கை அவர்கள் மேல் போடுவது தப்பு. அவர்களுக்குக் கருவியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். விளையாட்டு, குறுகிய ஓட்டம், நிறைய ஓய்வு, இது போதும்.

கருவி இல்லாத பயிற்சியாளர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஓடும்போது பிள்ளையைப் பேச விடுங்கள். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முட்டாமல் சொல்ல முடிந்தால் அது எளிதான வேகம். இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் எல்லையைத் தாண்டியாயிற்று. வாரத்தில் ஒரு நாள், கூடினால் இரண்டு நாள் தாண்டட்டும், மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓடட்டும். மதிய வெயிலில் அதே வேகத்துக்கே லாக்டேட் கூடுதலாக ஏறும், இதயமும் கூடுதலாகத் துடிக்கும். காலை வெயில் ஏறுவதற்கு முன்போ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒன்று. சாதாரணத் தசைவலி சில நாட்களில் தானாகவே போய்விடும். ஆனால் கடும் பயிற்சிக்குப் பிறகு தசை வீங்கி, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் அது வேறு. தசை பெரிய அளவில் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.