டிராஃப்ட் இரவின் ஏமாற்றம்: அக்கறையே!

நடுவர் அவர்களே, என் அணித் தலைவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்பர்களே, மண்டபம் நிறைய வந்திருக்கும் மொன்றியல் வாழ் பெரியோர்களே, தாய்மார்களே, நம் ஊர் ஹொக்கி அணியான கனேடியன்ஸின் சட்டை அணிந்து முன்வரிசையைப் பிடித்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

டிராஃப்ட் இரவில், அதாவது அணிகள் இளம் வீரர்களைத் தெரிவு செய்யும் இரவில், ஹொக்கி ரசிகர் கொள்ளும் ஏமாற்றம் அக்கறையா, அவசரமா? இதுதான் இன்றைய தலைப்பு. அக்கறையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி நன்றாகவே வாதாடினார். "2022இல் ஷேன் ரைட்தான் வேண்டும் என்று ஊரே ஒற்றைக்காலில் நின்றது. அணி யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியைத் தெரிவு செய்தது. முகம் கறுத்தீர்கள். இன்று அதே பையன் கோல் போட்டால் எழுந்து நின்று கைதட்டுகிறீர்கள். அப்படியானால் அன்றைய ஏமாற்றம் அவசரம்தானே?" என்று கேட்டார். கூர்மையான கேள்வி. நழுவ மாட்டேன், பதில் சொல்வேன். ஆனால் அந்த இரவுக்குப் போகும் முன், அந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

ஹொக்கி பார்க்காத பெரியவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வட அமெரிக்காவின் முதன்மை ஹொக்கி லீக்கான என்.எச்.எல்லில் ஆண்டுக்கு ஒருமுறை, 18 வயதை எட்டும் இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்கின்றன. அதுதான் டிராஃப்ட். மொத்தம் 7 சுற்று. மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்னுரிமை. முதல் இடங்களுக்கு மட்டும் குலுக்கல் உண்டு. அதாவது தோற்றுப்போன அணிக்கு லீக் கொடுக்கும் ஆறுதல் இது. தோல்வியைப் பார்த்துச் சகித்த ரசிகருக்கும் ஆறுதல் இதுதான்.

2021இல் லீக்கின் உச்சப் பரிசான ஸ்டான்லி கிண்ணத்தின் இறுதிப் போட்டிவரை போனது நம் அணி. அடுத்த பருவத்தில் என்ன நடந்தது? 82 ஆட்டங்களில் 22 வெற்றி. 32 அணிகளில் கடைசி இடம். கிண்ணத்தை 24 முறை வென்று, 1993க்குப் பிறகு ஒருமுறைகூடத் தொடாத அணி அது. பனிக்காலம் முழுவதும் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று பீரியட்டில் இரண்டாவதிலேயே கைநழுவிப்போன ஆட்டங்களைக் கடைசி விசில்வரை பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மே மாதத்தில் ஒரு நல்ல செய்தி வந்தது. குலுக்கலில் முதல் தெரிவு மொன்றியலுக்கே கிடைத்தது. டிராஃப்ட் நடக்கப்போவதும் நம் பெல் சென்டர் அரங்கில்தான்.

ஷேன் ரைட் என்ற பெயரை ரசிகர்களா கற்பனை செய்தார்கள்? 15 வயதிலேயே விதிவிலக்குப் பெற்று ஒன்ராறியோ ஜூனியர் லீக்கில் ஆட அனுமதிக்கப்பட்டவர் அவர். இளம் வீரர்களை மதிப்பிடும் லீக்கின் சொந்த ஸ்கவுட் பிரிவு வட அமெரிக்க வீரர்களின் பட்டியலில் முதலிடம் கொடுத்தது அவருக்குத்தான். அதே பிரிவு ஐரோப்பிய வீரர்களில் ஸ்லாஃப்கோவ்ஸ்கிக்கு முதலிடம் கொடுத்திருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் ஆண்டுக்கணக்காக "அடுத்த முதல் தெரிவு" என்று எந்தப் பையனைக் காட்டினார்களோ, அந்தப் பையனை எதிர்பார்த்தது ரசிகரின் குற்றமா?

ஜூலை 7 இரவு. சொந்த அரங்கில் ரசிகர் கூட்டம். லீக் தலைவரை வழக்கம்போல் கூவென்று கத்தி வரவேற்றாகிவிட்டது. மொன்றியல் தன் தெரிவைச் சொல்லும் நேரம் வந்தது. சொன்ன பெயர் ஸ்லாஃப்கோவ்ஸ்கி. ஆரவாரமும் திகைப்பும் கலந்து ஒரு சத்தம் எழுந்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 17 வயதில் 7 கோல் போட்டு, ஸ்லோவாக்கியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்து, தொடரின் சிறந்த வீரராகத் தேர்வான பையன் அவர் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். அடுத்து நியூ ஜெர்சி ஷிமோன் நெமெட்ஸைச் சொன்னது. அடுத்து அரிசோனா லோகன் கூலியைச் சொன்னது. ரைட் நாற்காலியில் அமர்ந்திருந்தார். நான்காவதாக சியாட்டில் அவர் பெயரைச் சொன்னபோது எழுந்து மேடையை நோக்கி நடந்தார். போகிற வழியில் கனேடியன்ஸ் மேசைப் பக்கம் ஒரு பார்வை. அந்தச் சில நொடிகளைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. அந்த டிசம்பரில் ரைட் என்.எச்.எல்லில் தன் முதல் கோலைப் போட்டது எந்த அணிக்கு எதிராகத் தெரியுமா? நமக்கு எதிராகத்தான்.

இப்போது சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். ஸ்லாஃப்கோவ்ஸ்கி முதல் பருவத்தில் 39 ஆட்டங்களில் 4 கோல் போட்டு, முழங்கால் காயத்தோடு வெளியேறினார். இரண்டாம் பருவத்தில் 20 கோல், 50 புள்ளி. போட்ட கோலும், மற்றவர் கோலுக்கு வழிசெய்ததும் சேர்ந்த கணக்குத்தான் புள்ளி. 2024 கோடையில் எட்டு ஆண்டு ஒப்பந்தம் பெற்றார். நல்ல தெரிவு. மனமாரச் சொல்கிறேன். ஆனால் ரசிகரின் ஏமாற்றத்தை நீங்கள் ஜோதிடமாக எடுத்துக்கொண்டு, பலித்ததா இல்லையா என்று கணக்குப் பார்க்கிறீர்கள். ஏமாற்றம் என்பது "ஏன் இவர், ஏன் அவர் இல்லை, எங்களுக்கு விளக்கம் சொல்லுங்கள்" என்ற கேள்வி. அந்தக் கேள்விக்கு ஸ்லாஃப்கோவ்ஸ்கி பனித்தளத்தில் பதில் சொன்னார். பதில் கிடைத்ததும் ரசிகர் எழுந்து நின்று கைதட்டினார். கேட்டவர் பதிலை ஏற்றுக்கொண்டிருக்கிறார். இதில் அவசரம் எங்கே வந்தது? வெறும் பிடிவாதக்காரராக இருந்திருந்தால் இன்றைக்கும் ரைட் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.

அதோடு, எல்லாத் தெரிவுக்கும் இப்படி நல்ல பதில் வருவதில்லை, நடுவர் அவர்களே. 1980ஐ இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

அந்த ஆண்டும் முதல் தெரிவு மொன்றியலுக்குத்தான். கொலராடோ அணியிடமிருந்து முன்பே வாங்கி வைத்திருந்த உரிமை அது. 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு முறை கிண்ணம் வென்ற அணிக்கு, அதற்கு மேல் முதல் தெரிவும் கிடைத்தது. டிராஃப்ட் நடந்ததும் ஊரின் பழைய ஃபோரம் அரங்கில், மக்கள் முன்னிலையில். ஊரின் ஆசை டெனி சவார் மீது. மொன்றியலின் வெர்டனில் வளர்ந்த பையன், மொன்றியல் ஜூனியர் அணியிலேயே ஆடிக்கொண்டிருந்தவன். பிரெஞ்சு பேசும் வீரனைத் தன் அணியில் பார்க்க கியூபெக் மக்கள் ஏங்குவதற்கு வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் கியூபெக் இளைஞர் இருவரை மற்ற அணிகளுக்கு முன்பாகவே எடுத்துக்கொள்ளும் உரிமை கனேடியன்ஸுக்கு இருந்தது. 1969இல் ரெஜான் ஹூலையும் மார்க் தார்டிஃபையும் எடுத்ததோடு அது முடிந்துபோனது. அதற்குப் பிறகு ஊர்ப் பிள்ளை வேண்டுமென்றால் டிராஃப்டில் பெயர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். சவாரை எடுக்க வாய்ப்புக் கையில் இருந்தது. அணி சொன்ன பெயர் மேற்குக் கனடாவின் ரெஜைனாவில் ஆடிய டக் விக்கன்ஹைசர். சவார் மூன்றாவதாக சிக்காகோவுக்குப் போனார்.

சவார் என்.எச்.எல்லில் சேர்த்தது 1,338 புள்ளி, ஹொக்கி புகழ் மண்டபத்தில் இடம். விக்கன்ஹைசர் 276 புள்ளி. சவாரை மொன்றியல் கடைசியில் 1990இல் வாங்கியது. அதற்கு கிரிஸ் செலியோஸ் என்ற அற்புதமான தடுப்பாட்டக்காரரைக் கொடுக்க வேண்டியிருந்தது. சும்மா கிடைத்திருக்க வேண்டிய பிள்ளைக்குப் பத்து ஆண்டு கழித்துக் கொடுத்த விலை அது. 1980இல் ஃபோரத்தில் முகம் வாடிய ரசிகரை அவசரக்காரர் என்று சொல்ல எதிரணிக்கு மனம் வருமா?

எதிரணித் தலைவர் தலையசைப்பதைப் பார்க்கிறேன். "விக்கன்ஹைசரைக் கத்திக் கத்தியே ஒடித்தது உங்கள் ரசிகர் கூட்டம்தானே?" என்று அடுத்து எழுந்து கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி. எங்கள் அணிக்கு இதைவிடக் கனமான கேள்வி இல்லை. ஆகவே அவருக்கு முன்பே நானே எடுத்துக்கொள்கிறேன்.

விக்கன்ஹைசர் ரெஜைனாவில் ஒரே பருவத்தில் 89 கோல் போட்டவர். திறமையில்லாதவர் அல்ல. என்னை எடுங்கள் என்று அவர் கேட்கவுமில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் சவாரோடு ஒப்பிட்டு அந்த இளைஞனை நோக்கிக் கூச்சலிட்டது அநியாயம். 1983 டிசம்பரில் அவரை செயின்ட் லூயிஸுக்கு மாற்றினார்கள். 1986 மே 12 அன்று கல்கரிக்கு எதிராக 5–2 என்று பின்தங்கியிருந்த செயின்ட் லூயிஸ் மீண்டு வந்து, மேலதிக நேரத்தில் 6–5 என்று வென்றது. வெற்றிக் கோலைப் போட்டவர் அதே விக்கன்ஹைசர். அந்த ஊர் இன்றும் அந்த ஆட்டத்தைக் கொண்டாடுகிறது. 1999இல் புற்றுநோயால் 37 வயதில் இறந்துபோனார். அவரை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. ஆனால் அந்தச் சுமையை அவர் தோளில் வைத்தது யார்? ஊரின் ஆசை தெரிந்தும் வேறு பெயரைச் சொன்னவர்கள், தங்கள் முடிவுக்குத் தாங்களே முன்னால் நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும். ரசிகரின் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் முகாமையாளரின் மேசை. பதினெட்டு பத்தொன்பது வயதுப் பையன் அந்தக் கோபத்துக்கு முகவரி ஆகவே கூடாது.

2023லும் இதே கதை. ஐந்தாவது தெரிவு நமக்கு. ரஷ்யாவின் மத்வே மிச்கோவ் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தார். அணி ஆஸ்திரியாவின் டேவிட் ரைன்பாகரை எடுத்தது. அன்றிரவே அந்தப் பையனுக்கு வசைச் செய்திகள் அனுப்பினார்கள். அனுப்பியவர்களை என் பக்கம் சேர்க்காதீர்கள். அவர்களுக்காக நான் ஒரு சொல்லும் பேச மாட்டேன். நான் பேசுவது, "கோல் போடும் ஆள் இல்லாத அணிக்கு மிச்கோவை விட்டுவிட்டுத் தடுப்பாட்டக்காரர் ஏன்?" என்று கேட்ட ஆயிரம் ஆயிரம் பேருக்காக. மிச்கோவ் ஏழாவதாக ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய், தன் முதல் பருவத்திலேயே 26 கோல் போட்டார். கேட்டவர்களுக்கு ஆட்டம் தெரியாது என்று இனியும் சொல்வீர்களா?

ரசிகரின் ஏமாற்றம் வெறும் வெற்றி தோல்விக் கணக்கில் நிற்பதில்லை என்பதற்கு ஒரு சாட்சியம் சொல்கிறேன். எதிரணியில் யாரும் இதைத் தொடவில்லை. 2021 டிராஃப்ட். முதல் சுற்றின் கடைசிப் பகுதியில் அணி ஓர் இளைஞனை எடுத்தது. ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தை அவள் சம்மதமில்லாமல் மற்றவர்களுக்கு அனுப்பியதற்காக ஸ்வீடனில் தண்டம் கட்டியவன். இந்த ஆண்டு என்னை யாரும் எடுக்க வேண்டாம் என்று அவனே அணிகளைக் கேட்டுக்கொண்டிருந்தான். அப்படியிருந்தும் எடுத்தார்கள். அன்று ரசிகர்கள் கொதித்தார்கள். அப்பாக்கள் கொதித்தார்கள், அந்த அணியின் சட்டையை அணிந்து வளர்ந்த பெண் பிள்ளைகள் கொதித்தார்கள். எங்கள் அணி இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்கள். சில நாட்களில் உரிமையாளர் ஜெஃப் மோல்சன் பகிரங்கக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார். ரசிகர்கள் வாயை மூடிக்கொண்டு, பொறுத்திருந்து பார்ப்போம், பையன் நன்றாக ஆடுவான் என்று இருந்திருந்தால் அந்தக் கடிதம் வந்திருக்குமா? இடித்துரைக்க ஆள் இல்லாத அணி எதைச் செய்தாலும் சரி என்றாகிவிடும், நடுவர் அவர்களே. அந்த வாரம் கேட்ட குரல் கோல் கணக்கைப் பற்றியதே அல்ல. அதை அவசரம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பொறுமையாக இருங்கள், நான்கைந்து ஆண்டு கழித்துத்தான் ஒரு தெரிவின் மதிப்புத் தெரியும் என்று எதிரணியின் முதல் பேச்சாளர் சொன்னார். மதிப்புத் தெரிய ஆண்டுகள் ஆகும், உண்மைதான். 1984இல் இதே அணி 51ஆவதாக எடுத்த கோல் காப்பாளர் பாட்ரிக் ருவா பிற்காலத்தில் இரண்டு கிண்ணம் வாங்கித் தருவார் என்று அன்று யாருக்குத் தெரியும்? ஆனால் ரசிகர் பொறுமையில்லாதவர் என்ற குற்றச்சாட்டை மட்டும் நான் ஏற்க மாட்டேன். 1993 முதல் காத்திருக்கும் ஊருக்குப் பொறுமையைப் பற்றி யார் பாடம் எடுப்பது? தகப்பன் பார்த்த கிண்ணத்தை மகன் பார்க்காமலே வளர்ந்து, அவன் பிள்ளையையும் தோளில் தூக்கிக்கொண்டு அரங்குக்குப் போகிறான். பொறுமை இருப்பதால்தான் இன்னும் டிராஃப்ட் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு விடியும்வரை பேசிக்கொண்டிருக்கிறான். அக்கறை போன மனிதன் முகம் சுளிப்பதில்லை. தொலைக்காட்சியை மாற்றிவிட்டுப் படுத்துவிடுகிறான். ஓர் அணி உண்மையில் அஞ்ச வேண்டியது அந்த மனிதனைத்தான்.

முடிக்கும் முன் 2024க்கு வருகிறேன். லாஸ் வேகாஸில் டிராஃப்ட். மறுபடியும் ஐந்தாவது தெரிவு. ஓராண்டாக மிச்கோவை நினைத்து மனம் புழுங்கிய ஊர், இம்முறை ரஷ்யாவின் இவான் டெமிடோவ் மீது கண் வைத்திருந்தது. நமக்கு முன் யாராவது எடுத்துவிடுவார்கள் என்றுதான் பேச்சு. சான் ஹோசே, சிக்காகோ, அனஹைம், கொலம்பஸ், நான்கு அணிகளும் வேறு பெயர்களைச் சொல்லிவிட்டுப் போயின. மொன்றியலின் முறை. மேடைக்கு வந்தவர் பாடகி செலின் டியோன், நம் கியூபெக்கின் மகள். அவர் வாயால் டெமிடோவ் என்ற பெயர் வந்தது. அடுத்த ஏப்ரலில் பெல் சென்டரில் தன் முதல் ஆட்டத்திலேயே டெமிடோவ் ஒரு கோல் போட்டார், இன்னொன்றுக்கு வழிசெய்தார். 2023இல் யார் முகம் வாடியதோ அவர்கள்தான் அன்று அரங்கை அதிர வைத்தார்கள். இரண்டு இரவிலும் ஆள் ஒன்றுதான், மனம் ஒன்றுதான், ஆட்டத்தைப் பற்றிய அறிவும் ஒன்றுதான்.

எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு அமர்கிறேன். 2024இல் அந்த ரசிகர் ஆனந்தப்பட்டதை அக்கறை என்று நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள் என்றே நம்புகிறேன். அப்படியானால் அதே ரசிகர் ஓராண்டுக்கு முன் வருந்தியதை மட்டும் எந்தக் கணக்கில் அவசரம் என்கிறீர்கள்? மேடைக்கு வந்ததும் முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.