தந்தை பெயர் என்ற கட்டம்

நேயர்களுக்கு வணக்கம். எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் 'தந்தை பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கும். நாம் யோசிக்காமல் நிரப்பிவிடுகிறோம். அமெரிக்கா பிரிட்டிஷாரின் குடியேற்ற நாடாக இருந்த காலத்து வம்சாவளியைத் தேடுகிறவர்களுக்கு அந்த ஒரு கட்டத்திலேயே பாதி ஆயுள் போய்விடும். கட்டம் காலியாக இருந்தால்கூடப் பரவாயில்லை. அதில் பெயர் எழுதியிருந்தால்தான் எனக்குப் பயம்.

ஒரு கதை சொல்கிறேன். 1620-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறப் புறப்பட்டவர்களின் மேஃபிளவர் கப்பலில் நான்கு குழந்தைகள் போனார்கள். எலன், ஜாஸ்பர், ரிச்சர்ட், மேரி. மூத்தவளுக்கு எட்டு வயது, கடைக்குட்டிக்கு நான்கு. கூடத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. மூன்று பேரின் பொறுப்பில் பிரித்து ஒப்படைத்திருந்தார்கள். லண்டன் தெருவில் திரிந்த அநாதைகள் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள்.

அநாதைகளே அல்ல! இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் மாவட்டம், ஷிப்டன் என்ற ஊர். அந்த ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தந்தை பெயர் அழகாக இருக்கிறது: சாமுவேல் மோர். நிலபுலன் உள்ள குடும்பம். அப்படியானால் பெற்ற பிள்ளைகளை யாராவது கடலுக்கு அப்பால் அனுப்புவார்களா?

விடை 1959-இல்தான் வெளியே வந்தது. 1622-இல் சாமுவேல் எழுதிய காகிதம் ஒன்று அந்தக் குடும்பத்தாரிடம் இருந்தது. சொத்து கைவிட்டுப் போகக்கூடாது என்று சொந்தத்துக்குள்ளேயே முடித்த கல்யாணம் அது. இந்தக் கணக்கை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளைக்கு வயது பதினேழு, மனைவி கேதரின் அவரைவிட மூத்தவர். குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஜேக்கப் பிளேக்வே என்பவரின் முகச்சாயல் இருக்கிறது என்கிறார் சாமுவேல். பிளேக்வேயோடு தனக்கு முன்பே திருமண உறுதி நடந்திருந்ததாகக் கேதரினே சொன்னார் என்றும் எழுதியிருக்கிறார்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தக் காகிதம் ஏன் எழுதப்பட்டது? பிள்ளைகளை ஏன் அனுப்பினாய் என்று கேதரின் நீதிபதியிடம் முறையிட்டார். அதற்குச் சாமுவேல் எழுதிக் கொடுத்த பதில் அது. எதிராளியின் வாக்குமூலம். பதிவேடு ஒரு தந்தையைச் சொல்கிறது, காகிதம் இன்னொருவரைச் சொல்கிறது. இரண்டிலும் தாயின் கையெழுத்தைக் காணோம்.

முதல் குளிர்காலத்தைத் தாண்டியது ரிச்சர்ட் ஒருவர்தான். அவர் கப்பல் தலைவராகிச் சேலத்தில் வாழ்ந்தார். நம் மாம்பழச் சேலம் அல்ல, மாசசூசெட்ஸில் உள்ள சேலம். கல்லறைக் கல் இன்றும் அங்கே நிற்கிறது. அதிலும் மேஃபிளவரைப் பற்றிய வரி பிற்காலத்தில் செதுக்கியது. ஆக, கல்லில் எழுதியிருந்தாலும் எப்போது எழுதியது என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்தது சொற்கள். இது என் பைத்தியம், பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரை 'அண்ணே' என்கிறோம். முந்நூறு ஆண்டு கழித்து ஒருவர் அதைப் படித்து அவரை நம் வம்சத்தில் சேர்த்தால் எப்படி இருக்கும்? அங்கே அதுதான் நடக்கிறது. அந்தக் கால உயில்களில் 'சன் இன் லா' என்றால் மருமகனாக இருக்கலாம், மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகனாகவும் இருக்கலாம். 'கசின்' என்றால் அண்ணன் மகனாகவும் இருக்கலாம். ஜூனியர் என்றால் மகன் என்று பாய்ந்துவிடாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் இளையவர் ஜூனியர், அவ்வளவுதான். சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம். மறுபடியும் சொல்கிறேன், ஜூனியர் என்றால் மகன் அல்ல.

தேதியும் ஏமாற்றும். 1752-க்கு முன் அவர்களுக்கு ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். 1731 ஏப்ரலில் கல்யாணம், 1731 பிப்ரவரியில் குழந்தை என்று ஏடு சொன்னால் பதறாதீர்கள். அந்தப் பிப்ரவரி கல்யாணத்துக்குப் பத்து மாதம் பின்னால் வந்தது. ஒரு பாட்டியின் மானம் நாள்காட்டியில் தொங்குகிறது, பாருங்கள்.

மணமாகாத தாய் என்றால் பிரசவ வலியின் உச்சத்தில் மருத்துவச்சி தந்தை யார் என்று கேட்பார். அந்த நேரத்தில் பொய் வராது என்பது நம்பிக்கை. அந்தப் பதிலை நீதிமன்றமும் ஏற்றது, பெயர் வந்தவர் பராமரிப்புச் செலவு கட்டினார். வம்சாவளி தேடுகிறவர்களுக்கு நீதிமன்ற ஏடுகள் புதையல். இதைப் பற்றி விரிவாகப் பேச...

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். மரபணுச் சோதனைக்கென்று ஐந்து நிமிடம் ஒதுக்கி வைத்திருந்தேன், ஐந்தும் ரிச்சர்டோடு போய்விட்டன. சுருக்கமாக: அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், அவரிடம் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸ். சாலியின் பிள்ளைகளுக்குத் தந்தை ஜெஃபர்சன்தானா என்று பார்த்த சோதனை 1998-இல் வெளியானது. தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோம் வேண்டும். ஜெஃபர்சனுக்கு வளர்ந்து ஆளான மகன் மனைவி வழியில் இல்லை. அதனால் அவருடைய பெரியப்பா வழியில் வந்தவர்களின் ரத்தத்தை எடுத்தார்கள். சாலியின் கடைசி மகன் எஸ்டன் வழியில் வந்தவரோடு அது பொருந்தியது. ஆனால் அந்தச் சோதனை குடும்பத்தைத்தான் காட்டும், குடும்பத்தில் எந்த ஆண் என்று சொல்லாது. சாலி கருவுற்ற நாட்களில் ஜெஃபர்சன் வீட்டில் இருந்தார் என்பதை அவருடைய சொந்தக் குறிப்பேடுகளைப் புரட்டித்தான் கண்டுபிடித்தார்கள். இப்போது ஒரு விரல்தான் தெரிகிறது. வணக்கம், நேயர்களே.