கூடம் கோணல்தான், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் பார்ப்பவரின் கை மணியின் மேலேயே இருப்பதால் வாழ்த்துரையை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

'பொழுதுபோக்காகப் படம் எடுப்பவருக்கு மனநிறைவு தருவது பழகிய கேமராவா, புதிய கேமராவா?' என்பது தலைப்பு. புதிய கேமராவே என்று பேச வந்தவன் நான். ஆனால் எதிரணித் தலைவர் தம் உரையின் நடுவே என்னைப் பார்த்துக்கொண்டே, "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், படம் எடுக்கத் தெரியாத நண்பர் கேமராவைக் குறை சொல்லிப் புதிது வாங்கினாராம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். நீங்கள் கைதட்டினீர்கள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் மனைவியும் கைதட்டினார் என்பதை நான் கவனிக்காமல் இல்லை.

நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்திருந்தால்? இத்தனை தலைமுறையாக அந்தப் பெண்ணைப் பழித்து வருகிறோமே, ஒருவராவது ஒரு கொத்தனாரை அழைத்துவந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தோமா? விசாரணையே இல்லாமல் தீர்ப்பு எழுதப்பட்ட வழக்கு அது. இன்று அதை மறுவிசாரணைக்கு எடுத்துக்கொள்ளுமாறு நடுவரை வேண்டுகிறேன். சாட்சி நானே.

2007ஆம் ஆண்டு நான் வாங்கிய முதல் டிஜிட்டல் எஸ்எல்ஆர், அதாவது லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கேமரா, நிக்கான் டி40. அதன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. 475 கிராம் எடையுள்ள உடலோடு குழந்தை போலத் தோளில் தொங்கும். அதில் ஒரே ஒரு சங்கதி குறைவு: லென்ஸைச் சுழற்றித் தானாக ஃபோகஸ் செய்யும் மோட்டார் அந்தக் கேமராவின் உடலுக்குள் இல்லை. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருந்தால் வேலை நடக்கும். என்னிடம் இருந்ததோ 50 மில்லிமீட்டர் எஃப் 1.8டி லென்ஸ், குறைந்த வெளிச்சத்திலும் படம் தரும் தங்கமான லென்ஸ்தான், ஆனால் மோட்டார் இல்லாதது. மாடும் இல்லை, வண்டிக்காரனும் இல்லை. வண்டியை நானே தள்ள வேண்டும். வளையத்தைக் கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சரியான இடம் வந்ததும், கண்ணை வைத்துப் பார்க்கும் காட்சித்துளையின் கீழ் இடது மூலையில் பச்சைப் புள்ளி ஒன்று எரியும்.

இந்தப் பச்சைப் புள்ளியை நம்பித்தான் என் மகளின் காதுகுத்துக்குப் போனேன்.

குலதெய்வக் கோயில் மண்டபம்; அரை இருட்டு. ஃப்ளாஷ் அடித்தால் குழந்தை மிரளும் என்று 50 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டியிருந்தேன். தாய்மாமன், அதாவது என் மனைவியின் அண்ணன், வெள்ளை டெரிலின் சட்டையோடு அமர்ந்திருக்க, அவர் மடியில் மொட்டைத் தலையோடு என் மகள். ஆசாரி தங்கக் கம்பியை எடுக்கிறார். நான் நான்கடி தூரத்தில் மண்டியிட்டு வளையத்தைத் திருப்புகிறேன். அந்தத் தூரத்தில் லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து எஃப் 1.8இல் எடுத்தால், முன்னும் பின்னுமாகத் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான். குழந்தை தலையை ஆட்டினால் பச்சைப் புள்ளி அணையும். நான் திருப்பினால் எரியும். எரிந்ததும் குழந்தை ஆட்டும். ஆசாரி "ஆச்சா?" என்றார். "ஒரு நிமிஷம்" என்றேன். அவர் ஒரு நிமிஷம் கொடுக்கவில்லை. குத்தினார், வீறிட்டது, அழுத்தினேன்.

கடவுள் மனிதனுக்கு இரண்டு காது வைத்தது எதற்கென்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. இரண்டாம் காதுக்கும் அதே கூத்து நடந்தது.

வீட்டுக்கு வந்து படத்தைக் கணினியில் திறந்தோம். மகளின் முகம் பனிமூட்டத்துக்குள் இருந்தது. ஆனால் அவள் தலைக்குப் பின்னால் மைத்துனரின் சட்டைப் பை இருக்கிறதே, அது கத்தி போலத் தெளிவு. மெல்லிய டெரிலின் துணி. அதன் ஊடாக மடித்து வைத்த ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். அந்த நோட்டில் காந்தியடிகளின் மூக்குக்கண்ணாடி கூடத் தெரிகிறது. அன்று காலை அதே மைத்துனர், "மாப்பிள்ளை, கையில் பணமே இல்லை, சீர் அடுத்த மாதம் செய்கிறேன்" என்று சொல்லியிருந்தார்.

நடுவர் அவர்களே, அந்தப் படத்தை என் மனைவி பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அந்தப் படம் ஊர் சுற்றியது. என் மாமியார் சொல்லும்போது நான்கு நோட்டு. என் சித்தப்பா சொல்லும்போது ஒரு கட்டு. ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர், நோட்டின் வரிசை எண்ணைக்கூடப் படிக்க முடிந்ததாகச் சத்தியம் செய்கிறார். இன்றுவரை எந்த விசேஷத்துக்கு நான் கேமராவோடு போனாலும், உறவினர்கள் முதலில் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிக்கிறார்கள். சீர் மட்டும் அடுத்த வாரமே வந்து சேர்ந்தது. அந்த அளவில் பழைய கேமராவின் சேவையை எதிரணிக்காக நானே ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது சொல்லுங்கள், ஆடியவள்மேல் குற்றமா, கூடத்தின்மேல் குற்றமா?

2011இல் நிக்கான் டி7000 வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் அதே பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸை அதில் மாட்டிப் பொத்தானைப் பாதி அழுத்தினேன். கேமராவின் உடலுக்குள்ளிருந்து 'கிர்ர்' என்று ஒரு சத்தம்; நான்காண்டுகளாக நான் விரலால் திருப்பிய வளையம் என் கண்ணெதிரே தானாகத் திரும்பியது. கேமராவைக் கீழே வைத்துவிட்டு விரலை நீவிக்கொண்டேன். காட்சித்துளை வழியே பார்த்தால் திண்ணையிலிருந்து முற்றத்துக்கு வந்ததுபோல் வெளிச்சமும் விரிவும். ஃபோகஸ் புள்ளிகள் மூன்றாக இருந்தவை 39. 'படப்புள்ளி (பிக்சல்) எண்ணிக்கையில் என்ன இருக்கிறது?' என்று எதிரணி கேட்டது. நியாயம்தான், 61 லட்சத்திலிருந்து ஒரு கோடியே 62 லட்சம் ஆனதில் என் கணினி மூச்சு வாங்கியதைத் தவிரப் பெரிய மாற்றம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. உடலும் 690 கிராம். மாலைக்குள் கழுத்து வலிக்கிறது. இன்னொன்று: இந்தக் கேமரா நேராக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று திரையில் கோடு போட்டுக் காட்டும் வசதி இதில் உண்டு. ஆம், எதிரணித் தலைவரே, கேமராவுக்குள்ளேயே ரசமட்டம்!

சிரித்தது போதும். ஒன்றைச் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

என் அம்மாவுக்கு ஃப்ளாஷ் ஆகாது. வெளிச்சம் அடிக்கும் நொடியில் கண்ணை மூடிவிடுவாள். அவளுடைய கல்யாணப் படத்தில் கண் மூடியிருக்கிறது. என் கல்யாணப் படத்திலும், அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படத்திலும் அப்படித்தான். டி40இல் ஃப்ளாஷ் இல்லாமல் எத்தனையோ முறை முயன்றேன்; அவள் ஓரிடத்தில் நின்றால்தானே நான் வளையத்தைத் திருப்ப முடியும்? புதிய கேமரா வந்த வாரம், இரவு எட்டு மணி இருக்கும், சமையலறையில் குழல்விளக்கு வெளிச்சத்தில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறனை, 3200க்கு ஏற்றி, வாசற்படியில் நின்று, "அம்மா" என்றேன். கரண்டியோடு நிமிர்ந்தாள். 'கிர்ர்' என்றது. எடுத்துவிட்டேன். படத்தில் மணல் தூவியதுபோல் லேசாகப் புள்ளிகள் உண்டு. ஆனால் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. இடது கண்ணுக்குள் குழல்விளக்கு ஒரு கோடாகத் தெரிந்தது.

காட்டினேன். "தலைகூட வாரலையேப்பா, அழிச்சிடு" என்றாள். அவள் எதிரிலேயே குப்பைத்தொட்டி போட்ட பொத்தானை இரண்டு முறை அழுத்தினேன். படம் போயிற்று. திருப்தியோடு தோசையைத் திருப்பப் போனாள். அந்தக் கேமராவில் நினைவட்டைக்கு இரண்டு இடம் உண்டென்பதும், எடுக்கும் படம் இரண்டிலும் பதியும்படி நான் அமைத்திருந்ததும், ஒன்றில் அழித்தால் மற்றதில் இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியாது.

அவள் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அந்த இரண்டாம் அட்டைப் படம்தான் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. எதிரணித் தலைவர் ஒருநாள் வீட்டுக்கு வர வேண்டும். வந்தால் அவர் கண்ணில் முதலில் படப்போவதை நானே சொல்லிவிடுகிறேன்: அடுப்பு மேடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், பின்னால் கதவு நிலையும் சாய்ந்திருக்கும். எடுத்த அவசரத்தில் ரசமட்டத்தை நான் பார்க்கவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். வணக்கம்.