எவ்வளவு நேரம் காத்திருப்பது?

நேயர்களுக்கு வணக்கம். ஒருவரைத் தொலைபேசியில் அழைக்கிறீர்கள். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை. ஒரு கட்டத்தில் வைத்துவிடுவீர்கள். அந்த அளவு நமக்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும். கணினி நிரலுக்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். அதைத்தான் டைம்-அவுட் என்கிறோம்.

ஒரு செயலி, தரவுகளைச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸிடம் எதைக் கேட்டாலும், நடுவில் நின்று பேசுவது கிளையன்ட் லைப்ரரி என்ற நிரல் தொகுப்பு. டிரைவர் என்றும் சொல்வார்கள். எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்று அதனிடம் சொல்லிவைக்க முடியும். பலர் சொல்வதில்லை.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், ஒரு நள்ளிரவில் செயலி அப்படியே நின்றுபோனது. டேட்டாபேஸைப் பார்த்தால் நன்றாக இருக்கிறது, வேலையே இல்லாமல் இருக்கிறது! நடுவில் பாதுகாப்புக்காக இருந்த ஃபயர்வால் என்ற காவல் அமைப்பு, பழைய இணைப்புகளைச் சத்தமில்லாமல் கைவிட்டிருந்தது. அது எங்கள் டிரைவருக்குத் தெரியாது. கேள்வியை அனுப்பிவிட்டுக் காத்திருந்தது. எங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். ஜாவா செயலிகளுக்கான அதன் ஜேடிபிசி டிரைவரில் சாக்கெட் டைம்-அவுட், அதாவது இணைப்பில் பதிலுக்குக் காத்திருக்கும் எல்லை, நாம் மாற்றாதவரை, 0. இங்கே பூஜ்யம் என்றால் காத்திருக்காதே என்று பொருளல்ல. எவ்வளவு நேரமானாலும் காத்திரு என்று பொருள். இதை இன்னொரு முறை சொல்கிறேன்: பூஜ்யம் என்றால் எல்லையே இல்லை.

எங்களிடம் இருந்தது 10 இணைப்புகள். பத்தும் மாட்டிக்கொண்டன. அடுத்து வந்தவர்களுக்கெல்லாம் ‘இணைப்பு கிடைக்கவில்லை’ என்ற பிழைதான். இணைப்பு போதவில்லை போலிருக்கிறது என்று 20 ஆக்கினோம். சற்று நேரத்தில் இருபதும் மாட்டின. அனுப்பியது போய்ச் சேர்ந்ததாகத் தகவலே வராவிட்டால், லினக்ஸ் இயங்குதளம் அதைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துக் கைவிட ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். அந்த 15 நிமிடமும் பயனர்கள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து எந்த டிரைவரைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான்.

சரி, எண்ணைக் குறைத்துவிட்டால் போதுமா? கசாண்ட்ரா என்பது இன்னொரு டேட்டாபேஸ். அதன் ஜாவா டிரைவர், நான்காம் பதிப்பில், நாம் மாற்றாதவரை 2 விநாடியில் காத்திருப்பதைக் கைவிட்டுவிடும். மறுமுனையில் டேட்டாபேஸ் ஓடும் சர்வரோ ஒரு வாசிப்புக்கு 5 விநாடிவரை முயலும். நாம் தொலைபேசியை வைத்துவிட்டோம், மறுமுனையில் இருப்பவர் நமக்காக இன்னும் கோப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். அதனால் சர்வர் பக்கத்திலும் ஓர் எல்லை வேண்டும், அது கிளையன்டின் எல்லையைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். போஸ்ட்கிரெஸில் அதற்கு ஸ்டேட்மென்ட் டைம்-அவுட் என்ற அமைப்பு இருக்கிறது. அதுவும் தொடக்கத்தில் 0தான்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். மறுமுயற்சி பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். டைம்-அவுட் ஆனால் எழுதும் வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. நடந்தும் இருக்கலாம். கணக்கில் 100 சேர் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினால் 200 சேர்ந்துவிடும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.